பிரிண்டரைத் தேடி ஓடாதே, கண்ணு

நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு நீ போன் பண்ணியபோது உனக்குக் குரலே எழும்பவில்லை. காலையில் அட்மிஷன் செக்‌ஷன், அங்கிருந்து பின்பக்க பிளாக்கில் லைப்ரரி, மறுபடி ஆபீஸ், மத்தியானம் சாப்பிடாமல் ஃபீஸ் கவுன்ட்டர். கையில் ஒரு பென்டிரைவ், அதில் பிரிண்டர் டிரைவர். "அக்கா, என்னை சிஸ்டம் அட்மினா எடுத்தாங்களா, பிரிண்டர் பின்னாடி ஓட எடுத்தாங்களா?" என்று கேட்டாய். ராத்திரி ஆறுதல் மட்டும் சொல்லித் தூங்கவைத்தேன். இப்போது நிதானமாக எழுதுகிறேன். 25 பிரிண்டரை ஒரு ஆள் ஓடி ஓடிச் சமாளிக்க முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்து சமாளிக்கலாம். பதினான்கு வருஷமாக நான் அப்படித்தான் செய்கிறேன்.

அதற்கான ஜன்னல் உன்னிடமே இருக்கிறது. பிரிண்ட் மேனேஜ்மென்ட் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் இதை விண்டோஸ் சர்வர் 2003 ஆர்2 பதிப்பில் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் ஒவ்வொரு பிரிண்டரையும் தனித்தனியாகத் திறந்து பார்க்க வேண்டும். இப்போது எல்லாம் ஒரே பட்டியலில் நிற்கும். சர்வரில் பிரிண்ட் அண்டு டாக்குமென்ட் சர்வீசஸ் என்ற ரோலைச் சேர்த்தால் இதுவும் கூடவே வரும். உன் சொந்த சிஸ்டத்தில் விண்டோஸ் 11 புரோ இருக்கிறது என்றாய். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ், அங்கே பிரிண்ட் மேனேஜ்மென்ட் என்று தேடிச் சேர்த்துக்கொள். ஹோம் பதிப்பில் தேடி நேரத்தை வீணாக்காதே, அதில் இது வராது. திறந்ததும் இடப்பக்கம் பிரிண்ட் சர்வர்ஸ் என்பதை ரைட் கிளிக் செய்து, ஆட் ரிமூவ் சர்வர்ஸில் உங்கள் சர்வரின் பெயரைக் கொடு. அந்த சர்வரில் உனக்கு அட்மின் உரிமை இருக்க வேண்டும். இனி சர்வர் ரூம் ஏசியில் போய் நடுங்க வேண்டாம்.

ஜன்னலைத் திறந்த கையோடு எதையும் மாற்றாதே. முதலில் ஒரே ஒரு நாள் நடந்துவிடு.

ஒரு நோட்டும் ஒரு நடையும்

நாற்பது பக்க நோட்டு ஒன்று எடுத்துக்கொள். ஒவ்வொரு பிரிண்டரிடமும் போய் அதன் மெனுவிலிருந்து கான்ஃபிகரேஷன் பேஜ் ஒன்றை அச்சிடு. மாடல், சீரியல் எண், ஐபி முகவரி, மேக் முகவரி எல்லாம் அந்தத் தாளிலேயே இருக்கும். நோட்டில் ஒட்டி, எந்த பிளாக், எந்த மாடி, எந்த அறை, யார் மேஜை பக்கத்தில் என்று எழுதிக்கொள்.

அந்த நடையில் ஒன்றைக் கவனிப்பாய். பாதி பிரிண்டர்களின் ஐபி முகவரி தானாக வந்ததாக இருக்கும். கரண்ட் போய் வந்தால் அது மாறக்கூடும். "நேத்து வரைக்கும் நல்லா வந்துச்சு மேடம், இன்னைக்கு ஆஃப்லைன்னு காட்டுது" என்று வருகிற புகார்களில் பெரும்பங்கு இந்த ஒரே காரணத்தால்தான். ரவுட்டரிலோ டிஹெச்சிபி சர்வரிலோ அந்த மேக் முகவரிக்கு இந்த ஐபி என்று ஒதுக்கி வைத்துவிடு. பிரிண்டர்களுக்கென்று ஒரு வரிசையைத் தனியாக வைத்துக்கொள்வது என் பழக்கம். 192.168.1.50 முதல் 80 வரை பிரிண்டர் என்றால், எண்ணைப் பார்த்ததுமே என்ன சாதனம் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்த்த பிரிண்டர்களில் போர்ட் என்ற இடத்தில் டபிள்யூஎஸ்டி என்று இருக்கும். வீட்டுக்கு அது சரி. பத்துப் பேர் நம்பி நிற்கிற ஆபீசுக்கு வேண்டாம். காரணமே இல்லாமல் ஆஃப்லைன் ஆகும். பிரிண்ட் மேனேஜ்மென்டில் சர்வருக்குக் கீழே போர்ட்ஸ் என்று ஒரு கிளை இருக்கிறது. அங்கே ஸ்டாண்டர்டு டிசிபி ஐபி போர்ட் ஒன்றை நீயே உருவாக்கி, நீ ஒதுக்கிய முகவரியைக் கொடு. இதைச் செய்த பிறகும் ஒரு பிரிண்டர் ஆஃப்லைன் என்றே காட்டுகிறது, ஆனால் பிங் செய்தால் பதில் வருகிறது என்றால், அதே போர்ட்டின் கான்ஃபிகர் போர்ட்டைத் திறந்து எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் என்ற டிக்கை எடுத்துப் பார். பிரிண்டர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பதற்காகவே விண்டோஸ் அதை ஆஃப்லைன் என்று முடிவு கட்டியிருக்கும்.

நடக்கும்போதே ஒவ்வொரு பிரிண்டரின் வெப் பேஜையும் திறந்து அட்மின் பாஸ்வேர்டை மாற்றிவிடு. பாக்ஸிலிருந்து எடுத்தபோது இருந்த பாஸ்வேர்டு இன்றும் அப்படியே இருக்கும், அல்லது பாஸ்வேர்டே இருக்காது.

பெயர் வைப்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதப்போகிறேன். பொறுத்துக்கொள்.

நான் வேலைக்குச் சேர்ந்த கல்லூரியில் ஒரே மாடல் பிரிண்டர் ஒன்பது இருந்தன. யாரும் பெயர் வைக்கவில்லை. விண்டோஸ் வைத்ததுதான் பெயர்: மாடல் எண், பக்கத்தில் காப்பி 1, காப்பி 2, காப்பி 3. ஒரு நாள் எக்ஸாம் செல்லில் ஒரு மேடம் இன்டர்னல் தேர்வுக் கேள்வித்தாளுக்கு பிரிண்ட் கொடுத்தார். தாள் வரவில்லை. மறுபடி கொடுத்தார். அப்போதும் வரவில்லை. இரண்டு தடவையும் அது லைப்ரரி பிரிண்டரில் அழகாக வந்து விழுந்துகொண்டிருந்தது. நல்ல வேளையாக லைப்ரரி அண்ணன்தான் முதலில் பார்த்தார். கவிழ்த்துப் போட்டு, மேலே ஒரு தடிப் புத்தகத்தை வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். ஆனாலும் அந்தக் கேள்வித்தாளை விட்டுவிட்டு, மேடம் இரவோடு இரவாக வேறொன்று தயார் செய்தார். அவர் தவறு ஒன்றுமில்லை. காப்பி 2 எது, காப்பி 3 எது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அதனால் பெயர் என்பது இடத்தையும் வேலையையும் சொல்ல வேண்டும். மாடல் பெயர் யாருக்கும் வேண்டாம். பிளாக், மாடி, அறை, பயன் என்ற வரிசையில் வை. மெயின், 1, ஆபீஸ், ஃபீஸ். சைன்ஸ், 2, லேப், கலர். ஷேர் பெயரில் இடைவெளி விடாதே, நடுவில் சிறு கோடு போதும். பெயரை மாற்றும் வேலையை யாரும் கனெக்ட் செய்வதற்கு முன்னாலேயே முடித்துவிடு, பின்னால் ஷேர் பெயரை மாற்றினால் ஒவ்வொரு சிஸ்டத்திலும் கனெக்‌ஷன் அறுந்துபோகும்.

பெயருக்குக் கீழே லொகேஷன், கமென்ட் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். எல்லாரும் காலியாக விட்டுவிடுவார்கள். நீ நிரப்பு. கமென்டில் தமிழிலேயே எழுதலாம். "ஃபீஸ் ரசீதுக்கு மட்டும், பேப்பர் மாற்ற ஆபீஸ் அண்ணனைக் கூப்பிடவும்" என்று நான் எழுதிவைத்திருக்கிறேன். பெயர்களை முடித்ததும் அதே பெயரைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, மேலே செலோ டேப் ஒட்டி, பிரிண்டரின் முகப்பிலும் ஒட்டிவிடு. திரையில் உள்ள பெயரும் மெஷின் மேல் உள்ள பெயரும் ஒன்றாக இருந்தாலே உனக்கு வருகிற போன் குறைந்துவிடும்.

காலையில் பார்க்க வேண்டிய இரண்டு பட்டியல்

ஜன்னலின் இடப்பக்கம் மேலே கஸ்டம் ஃபில்டர்ஸ் என்று இருக்கும். அதில் பிரிண்டர்ஸ் நாட் ரெடி, பிரிண்டர்ஸ் வித் ஜாப்ஸ் என்று இரண்டு ஃபில்டர் தயாராகவே இருக்கின்றன. காலையில் டீ குடிக்கும்போது இந்த இரண்டையும் பார். முதலாவதில் ஒரு பெயர் இருந்தால், அங்கே பேப்பர் இல்லை, அல்லது கதவு திறந்திருக்கிறது, அல்லது ஜாம். அவர்கள் கூப்பிடுவதற்கு முன்னால் நீ கூப்பிடு. "மேடம், உங்க பிரிண்டர்ல டிரே காலியா இருக்கு போல" என்று நீயே சொன்னால், அவர்கள் உன்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

சொந்தமாகவும் ஃபில்டர் செய்யலாம். கியூவில் நிற்கும் வேலை ஐந்துக்கு மேல் போனால் மட்டும் காட்டு என்று ஒன்று வைத்துக்கொள். மெயில் சர்வர் இருந்தால் அந்த ஃபில்டரிலேயே உனக்கு மெயில் வரும்படி செய்யலாம். சர்வருக்குக் கீழே உள்ள பிரிண்டர்ஸ் கிளையை ரைட் கிளிக் செய்து ஷோ எக்ஸ்டெண்டட் வியூ என்று கொடு. பிறகு ஏதாவது ஒரு பிரிண்டரைத் தேர்ந்தெடுத்தால், கீழே அதில் யார் யாருடைய வேலை, எத்தனை பக்கம், எத்தனை மணிக்கு வந்தது என்று எல்லாம் தெரியும்.

கியூ நின்றுவிட்டால்

என் இரண்டாவது வருஷம், ஜூன் மாதம், அட்மிஷன் நேரம். ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் எஜுகேஷன் லோனுக்கு போனஃபைடு சர்ட்டிஃபிகேட் வாங்க வந்திருந்தார்கள். ஊருக்குக் கடைசி பஸ் நாலரை மணிக்கு. ஆபீஸ் பிரிண்டரில் யாரோ முந்நூறு பக்கம் கொடுத்திருக்கிறார்கள், அது நடுவில் நின்றுவிட்டது. பின்னால் நாற்பது வேலை. நான் பதற்றத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். ஸ்பூலர் சர்வீஸை நிறுத்தி, ஃபோல்டரில் இருந்த எல்லாவற்றையும் அழித்து, மறுபடி ஓடவிட்டேன். பிரிண்டர் பளிச்சென்று ரெடி ஆகிவிட்டது. நாற்பது பேருடைய வேலையும் போய்விட்டது. கிளார்க் மேடம் தேடி எடுத்து மறுபடி பிரிண்ட் கொடுத்தபோது பிரின்சிபால் கிளம்பிவிட்டார். அப்பாவும் பெண்ணும் கையெழுத்துக்காக மறுநாள் இன்னொரு தடவை வந்தார்கள். அந்த அப்பா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "பரவாயில்லம்மா" என்றார்.

அன்றிலிருந்து நான் கைக்கொள்ளும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் கியூவின் தலைப்பில் நிற்கும் வேலையை மட்டும் பார். பெரும்பாலும் வழியை அடைத்துக்கொண்டிருப்பது அந்த ஒன்றுதான். அதை ரீஸ்டார்ட் கொடு. போகவில்லையா, அதை மட்டும் கேன்சல் செய், உரியவருக்குப் போனில் சொல். டெலீட்டிங் என்று காட்டிக்கொண்டே நின்றால் மட்டும் ஸ்பூலரைத் தொடு. சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று ஃபோல்டருக்குள் போனால் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு ஃபைல் இருக்கும். ஒன்று எஸ்பிஎல், அச்சாக வேண்டிய சரக்கு. இன்னொன்று எஸ்எச்டி, யாருடையது, எந்த பிரிண்டருக்கு என்ற குறிப்பு. இரண்டுக்கும் ஒரே எண். சர்வீஸை நிறுத்திவிட்டு, மாட்டிக்கொண்ட வேலையின் அந்த ஒரு ஜோடியை மட்டும் அழித்துவிட்டு ஸ்டார்ட் செய். மற்றவை வரிசையாகத் தாமாகவே போகும். நினைவில் வை, அந்த ஃபோல்டரில் எல்லா பிரிண்டர்களின் வேலையும் கலந்து கிடக்கும். ஸ்பூலரை நிறுத்தினால் 25 பிரிண்டரும் நிற்கும்.

அதோடு இன்னொரு ஏற்பாடும் செய்தேன். ஆபீஸ் பிரிண்டர் ஒன்றுதான், ஆனால் சர்வரில் அதற்கு இரண்டு பெயர் வைத்தேன். இரண்டும் ஒரே போர்ட்டுக்குத்தான் போகும். பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பக்கத்தில் பிரியாரிட்டி 1 முதல் 99 வரை கொடுக்கலாம். சர்ட்டிஃபிகேட் என்ற பெயருக்கு 99. பொது என்ற பெயருக்கு 1. சர்ட்டிஃபிகேட் எப்போது வந்தாலும் காத்திருக்கிற மற்ற வேலைகளை முந்திக்கொண்டு போகும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேலையை இது நிறுத்தாது, அதனால் முந்நூறு பக்க ஆசாமிகளுக்கு மூன்றாவதாக ஒரு பெயர் வைத்து, அதே பக்கத்தில் சாயங்காலம் 5 மணிக்கு மேல்தான் அச்சாகும் என்று நேரத்தையும் குறித்துவிட்டேன்.

டிரே நிறைய ஏ4 இருக்கிறது, பிரிண்டரோ பேப்பர் கேட்கிறது

இந்தப் புகார் உனக்கு வாரம் ஒரு தடவையாவது வரும். ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். அமெரிக்காவில் புழங்கும் லெட்டர் தாள் 216க்கு 279. கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, பிரிண்டருக்குத் தெரியும். டிரைவரைப் போடும்போது சர்வரின் ரீஜன் அமெரிக்கா என்று இருந்தால் டிஃபால்ட் லெட்டராகிவிடும். ஒருவர் லெட்டரில் அனுப்புவார், பிரிண்டர் அந்தத் தாளுக்காகக் கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும், பின்னால் பதினைந்து பேர் காத்திருப்பார்கள்.

சரிசெய்கிற இடத்தில்தான் எல்லாரும் தவறு செய்வார்கள். பிராப்பர்ட்டீஸைத் திறந்ததும் முதல் பக்கத்தில் பிரெஃபரன்சஸ் என்று ஒரு பட்டன் இருக்கும். அதில் ஏ4 வைத்தால் அது உனக்கு மட்டும். அட்வான்ஸ்டு பக்கத்தில் பிரிண்டிங் டிஃபால்ட்ஸ் என்று இன்னொன்று இருக்கிறது. திறந்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். இங்கே வைப்பதுதான் புதிதாகக் கனெக்ட் செய்கிற எல்லாருக்கும் போகும். ஏ4, கருப்பு வெள்ளை, இரண்டு பக்கமும் அச்சு என்று மூன்றையும் இங்கே வைத்துவிடு. ஏற்கெனவே தன் சிஸ்டத்தில் மாற்றி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அவரவர் இடத்தில் ஒரு தடவை மாற்ற வேண்டும். அப்படியும் ஒருவருக்கு மட்டும் லெட்டர் கேட்டால், அவருடைய வேர்டு ஃபைலின் பேஜ் சைஸே லெட்டராக இருக்கும். ஃபைலைப் பார்.

ஃபீஸ் கவுன்ட்டரில் டாட் மேட்ரிக்ஸ் இன்னும் ஓடுகிறது என்றாய். அதில் கன்டினியுவஸ் பேப்பர். ஏ4 என்று விட்டால் ஒவ்வொரு ரசீதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பத்தாவது ரசீதில் தொகை துளைக்கோட்டின் மேல் விழும். பிரிண்ட் மேனேஜ்மென்டில் ஃபார்ம்ஸ் என்ற கிளை இதற்காகத்தான். ஸ்கேல் எடுத்துப் பேப்பரை அளந்து, 10 இஞ்ச் அகலம், 6 இஞ்ச் உயரம் என்று எது சரியோ அதை ஒரு புது ஃபார்மாக உருவாக்கி, ஃபீஸ் ரசீது என்று பெயர் வைத்து, அந்த பிரிண்டரின் டிஃபால்ட்ஸில் தேர்ந்தெடு.

தமிழ் தாறுமாறாக வந்தால்

தமிழ்த்துறை ஐயா போன் செய்வார். "என்னம்மா, கேள்வித்தாள் முழுக்க இங்கிலீஷ் எழுத்தா வருது!" இதில் ஒரு நாள் முழுக்க நான் அலைந்திருக்கிறேன், நீ அலைய வேண்டாம். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்துவிட்டது. ஆனால் பழைய கேள்வித்தாள்கள் எல்லாம் பாமினியிலும் வானவில்லிலும் கிடக்கின்றன. அந்த ஃபான்ட்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தின் எண், மேலே போர்த்தியிருப்பது தமிழ் உருவம். பாமினியில் அம்மா என்று அடித்த ஃபைலில் உண்மையில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். போர்வை விலகினால் அதுதான் தாளில் வரும்.

முதலில் அவர் திரையைப் பார். திரையிலேயே ஆங்கிலமாக இருந்தால், அந்த சிஸ்டத்தில் ஃபான்ட் இல்லை. ஃபைலைத் திறக்கிற சிஸ்டத்தில் ஃபான்ட் போடு. சர்வரில் போட்டுப் பயனில்லை. திரையில் தமிழாகத் தெரிந்து தாளில் மட்டும் கெட்டால், பிரிண்டர் தன்னிடமுள்ள ஃபான்டை மாற்றிப் போட்டுவிட்டது. டிரைவரின் அட்வான்ஸ்டு அமைப்பில் ட்ரூடைப் ஃபான்ட் என்ற வரியைத் தேடு. டிவைஸ் ஃபான்ட் என்று இருந்தால் சாஃப்ட் ஃபான்டாக டவுன்லோடு செய் என்று மாற்று. சில டிரைவர்களில் எழுத்தைப் படமாக அச்சிடு என்று ஒரு வசதி இருக்கும், அதுவும் சரி. அவசரமென்றால் ஐயாவின் சிஸ்டத்திலேயே பிடிஎஃப் ஆக்கி, அக்ரோபேட்டில் பிரிண்ட் கொடுக்கும்போது அட்வான்ஸ்டில் பிரிண்ட் ஆஸ் இமேஜ் என்று டிக் செய். கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் எழுத்து சிதையாது. நேரம் கிடைக்கும்போது ஐயாவுடன் உட்கார்ந்து பழைய ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றிக் கொடு. அவர் உன்னை மறக்கவே மாட்டார்.

டிரைவர், அனுமதி, 2021

ஒரே கம்பெனி பிரிண்டர்களுக்கு அந்த கம்பெனியின் யுனிவர்சல் டிரைவர் ஒன்றைப் போடு, ஒவ்வொரு மாடலுக்கும் ஒன்று வேண்டாம். ஏதாவது ஒரு டிரைவர் கெட்டுப்போய் ஸ்பூலரையே விழவைக்கிறது என்று சந்தேகம் வந்தால், டிரைவர்ஸ் கிளையில் அதை ரைட் கிளிக் செய்து செட் டிரைவர் ஐசொலேஷன், ஐசொலேட்டட் என்று வை. அது விழுந்தாலும் தனியாக விழும், மற்ற பிரிண்டர்கள் நிற்காது.

2021 கோடையில் விண்டோஸ் ஸ்பூலரில் பெரிய ஓட்டை ஒன்று தெரியவந்தது. பிரிண்ட்நைட்மேர் என்று பெயர் வைத்தார்கள். அந்த ஆகஸ்ட் அப்டேட்டிலிருந்து, ஷேர்டு பிரிண்டரைக் கனெக்ட் செய்யும்போது டிரைவர் போட அட்மின் உரிமை கேட்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். அதேபோல் 11பி என்று முடிகிற பிழை எண் வந்து கனெக்ட் ஆகாமல் நிற்கும். யூடியூபில் தேடினால் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கு, சரியாகிவிடும் என்பார்கள். சரியாகும். அடைத்த ஓட்டையைத் திறந்ததும் நீயாக இருப்பாய். சர்வர், யூசர் சிஸ்டம் இரண்டிலும் அப்டேட்டை ஒழுங்காக முடி, டிரைவரை நீயே அட்மினாகப் போடு. டொமைன் கன்ட்ரோலரில் பிரிண்டர் ஷேர் செய்யவே செய்யாதே, அதில் ஸ்பூலர் சர்வீஸை டிஸேபிள் செய்துவிடு.

டொமைன் இருப்பதால் உனக்கு ஒரு பெரிய வசதி உண்டு. பிரிண்டரை ரைட் கிளிக் செய்து டிப்ளாய் வித் குரூப் பாலிசி என்று கொடுத்தால், அந்தத் துறையின் எல்லா சிஸ்டத்துக்கும் அது தானாகப் போய்ச் சேரும். லேப் என்றால் கம்ப்யூட்டருக்கு, ஆசிரியர்கள் என்றால் யூசருக்கு. முதலில் ஒரே ஒரு சிஸ்டத்தில் சோதித்துப் பார். உன் பென்டிரைவுக்கு அன்றோடு ஓய்வு. உன் தோழியின் ஆபீசில் சர்வர் இல்லை, ஒரு விண்டோஸ் 11 சிஸ்டத்திலிருந்துதான் ஷேர் செய்கிறார்கள் என்றாயே, அதில் ஒரே நேரத்தில் 20 சாதனம் வரைக்கும்தான் கனெக்ட் ஆகலாம் என்று சொல்லிவை.

அனுமதி விஷயத்தில் எக்ஸாம் செல்லை மட்டும் தனியாகப் பார். அந்த பிரிண்டரின் செக்யூரிட்டி பக்கத்தில் எவ்ரிஒன் என்பதை எடுத்துவிட்டு எக்ஸாம் செல் குரூப்பை மட்டும் சேர். பிறகு அட்வான்ஸ்டு பக்கத்தில் கீப் பிரிண்டட் டாக்குமென்ட்ஸ் என்ற இடத்தில் டிக் இல்லை என்பதை உறுதி செய்துகொள். அது இருந்தால் அச்சான கேள்வித்தாள் சர்வரிலேயே தங்கிவிடும். மற்ற இடங்களில் அவரவர் வேலையை அவரவரே கேன்சல் செய்ய முடியும், அது இயல்பாகவே இருக்கிறது. ஆபீஸ் சூப்பிரண்டுக்கு மட்டும் மேனேஜ் டாக்குமென்ட்ஸ் உரிமை கொடுத்துவை. நீ லீவில் இருந்தாலும் கியூவை அவரே பார்த்துக்கொள்வார்.

ஒரு ஃபைலில் எல்லாம்

இவ்வளவு உழைத்து வைத்த பெயர், போர்ட், டிரைவர், டிஃபால்ட்ஸ் எல்லாம் அந்த ஒரே சர்வரின் ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. அது ஒரு நாள் போகும். சர்வர் பெயரை ரைட் கிளிக் செய்தால் எக்ஸ்போர்ட் பிரிண்டர்ஸ் டு எ ஃபைல் என்று இருக்கிறது. சில நிமிஷம்தான் ஆகும். எல்லாம் ஒரே ஃபைலாக வந்துவிடும். புது சர்வர் வந்தால் அதே இடத்தில் இம்போர்ட் கொடுத்தால் போதும். தேதி போட்டுப் பெயர் வை, அந்த சர்வரிலேயே வைக்காதே. பொங்கல், தீபாவளி, செமஸ்டர் லீவு என்று நீ ஊருக்கு வருகிற ஒவ்வொரு தடவையும் கிளம்புவதற்கு முன் ஒன்று எடுத்துவிடு. எடுத்ததை வேறொரு டெஸ்ட் சிஸ்டத்தில் ஒரு தடவையாவது இம்போர்ட் செய்து பார், அப்போதுதான் அது உதவுமா என்று தெரியும்.

நோட்டு நடையை நாளைக்கே ஆரம்பி, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆரம்பி. சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. முதல் எக்ஸ்போர்ட் எடுக்கும்போது போன் போடு கண்ணு, முடிகிற வரைக்கும் லைனில் இருக்கிறேன்.